சேணம் படும் இடம்

முனிரத்தினம் குனிந்து, இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கிவிட்டபோது, கிதியோனுக்குத் தூக்கியது தெரிந்தது, பிடித்தது தெரியவில்லை. மேலே வந்து உட்கார்ந்தாகிவிட்டது, குதிரை ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றாகிவிட்டது, எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதிரியேதான். ஆனால் அந்தக் கை, முப்பது வருஷமாகக் குதிரை லாயத்தில் சாணி அள்ளிக் காய்த்துப் போன கை, காலில் பட்டதா இல்லையா? பட்டிருக்கும். படாமல் எப்படித் தூக்குவார், மந்திரமா போட்டார்? பூட்ஸ் தடிமன், அதனால்தான். அட, அது என்ன தடிமன், ரேஸ் பூட்ஸ் காகிதம் மாதிரி இருக்கும், எடை குறைய வேண்டும் என்று அப்படித்தான் தைப்பார்கள், உள்ளே ஒரு மணல் இருந்தாலும் உறுத்தும். சரி, தெரியவில்லை, அதற்கு இப்போது என்ன, கச்சேரியா வைப்பது. கால் வைக்கிற அங்கவடியைத் தேடி மாட்டினான், மாட்டியதா என்று குனிந்து பார்த்தான். குனிந்து பார்க்கிற ஜாக்கியை இந்தக் கிண்டி ரேஸ் மைதானத்தில் எவனாவது கண்டிருக்கிறானா? புதுசாகக் கல்யாணம் ஆனவன் தாலி கட்டினோமா என்று திரும்பிப் பார்க்கிற கதை. வலது கால் சரியாக இருந்தது. இடது கால் நுனியில் தொற்றிக்கொண்டு நின்றது, அவன் கண்ணால் பார்த்துத்தான் உள்ளே தள்ளினான். ட்ரெய்னர் மேனன் சார் பக்கத்தில் வந்து நின்று, "கடைசி வளைவு வரைக்கும் அடக்கி வை கிதியோன், அப்புறம் நிவி இஷ்டத்துக்கு விட்டுடு" என்றார், இவன் "சரி சார்" என்றான், முனிரத்தினம் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடத்த ஆரம்பித்தார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் ரேஸ் புத்தகத்தையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரும் ஜாக்கியின் காலைப் பார்க்கவில்லை.

நிவி நல்ல பிள்ளை. முதலாளி தன் மகள் பேரை வைத்திருக்கிறார், நான்கு வயசுப் பெட்டைக் குதிரை, மூக்கில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. நடக்கும்போது அதன் முதுகு அசைகிற அசைவு இவன் இடுப்பு வழியாக ஏறித் தோள் வரைக்கும் வரும், இருபத்திரண்டு வருஷமாக வருகிறது, ஒரு குதிரைக்கு எந்தக் காலில் நோவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். இன்றைக்கு அந்த அசைவு இடுப்புக்கு மேலேதான் ஆரம்பித்தது. கீழே ஒன்றும் இல்லை. ஒரு மூட்டையின் மேல் தன்னை யாரோ எடுத்து வைத்த மாதிரி, அவ்வளவுதான். அதுவும் புதுசு இல்லையே, மரத்துப் போவது என்ன புதுசா, காலையில் நாலு குதிரை ஓட்டிவிட்டு இறங்கினால் எந்த ஜாக்கிக்குத்தான் அந்த இடம் உயிரோடு இருக்கும்? வேளச்சேரியில் அந்த முதுகெலும்பு டாக்டரம்மாவிடம் இதைத்தான் சொன்னான், சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். அவள் சின்ன வயசு, கண்ணாடி போட்டிருந்தாள், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, "கீழ ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கி வந்திருக்கு, நரம்புக் கத்தையை அமுக்கிட்டு நிக்குது, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றாள். "சீசன் முடியட்டும் மேடம்." "சீசன் முடியற வரைக்கும் அது நிக்குமான்னு எனக்குத் தெரியாது. ரெண்டே விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. சேணத்துல உக்காந்தா படற இடம் இருக்கில்ல, அந்த இடம் பூரா மரத்துப் போச்சுன்னா ஒண்ணு. யூரின் வராம நின்னு போச்சுன்னா, இல்ல போறதே தெரியாம போச்சுன்னா ரெண்டு. அன்னிக்கே ஓடி வந்துடணும். மறுநாள் இல்ல. மறுநாள் வந்தா ஆபரேஷன் நான் பண்ணுவேன், ஆனா போன கால் போனதுதான், ஒண்ணுக்குப் போற உணர்ச்சியும் போனதுதான்." அவனுக்கு அப்போது ஒரு வேடிக்கை தோன்றியது, நான் ஜாக்கி என்பதால் சேணம் கீணம் என்கிறாளோ என்று கேட்டான். "இல்லீங்க, எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது, எங்க புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு. ஆட்டோ ஓட்டறவங்களுக்கும் அதேதான்." "மேடம், அந்த எடம் எங்களுக்குப் பதினாறு வயசுலயே செத்துப் போச்சு." பக்கத்தில் மனைவி சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. இவன் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

எல்லாவனுக்கும் முதுகு போனதுதான். ஜாக்கி அறையில் சட்டையைக் கழற்றினால் தெரியும், ஒருத்தன் முதுகாவது நேராக இருக்கிறதா? முழங்காலை மடக்கிக் கால் நுனியில் நின்றுகொண்டு, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, கீழே அரை டன் மிருகம் பாய்கிற பாய்ச்சலையெல்லாம் அந்த நாலு விரற்கடை எலும்பிலே வாங்கிக்கொண்டால் அது என்ன பண்ணும், கல்லா இரும்பா. அதோடு கீழே விழுந்த கணக்கு வேறு. தைலம், பெல்ட்டு, வெந்நீர்ப் பை, ரேஸுக்கு முந்தின நாள் யாராவது ஒரு கம்பவுண்டர் போடுகிற ஊசி, இதுதான் எல்லாருடைய வைத்தியமும். வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் அவ்வளவுதான், மருத்துவ போர்டு, ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட், அதற்குள் உன் குதிரையில் இன்னொருவன் ஏறி ஜெயித்திருப்பான், அடுத்த வாரம் ட்ரெய்னர் உன்னைப் பார்த்து நலம் விசாரிப்பார், நலம் விசாரிக்க ஆரம்பித்தாலே உன் கதை முடிந்தது. இதே நிவிக்கு என்றால் தினமும் விடியற்காலை குதிரை டாக்டர் வந்து இரண்டு கட்டை விரலையும் முதுகெலும்பு நெடுகிலும் அமுக்கிக்கொண்டே போவார், எங்கேயாவது அது தோலைச் சுளித்தால் போதும், அன்றைக்கு லீவு, மருந்துப் பற்று, பீட்ரூட்டும் கேரட்டும். ஒரு நாள் கிதியோனுக்கு ஆசை வந்தது, வரிசையில் குதிரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடலாமா என்று. சிரித்திருப்பார்கள். அமுக்கிப் பார்த்திருப்பாரோ என்னவோ, நல்ல மனுஷன்தான். இன்றைக்கு அமுக்கினால் சுளிக்கக்கூட மாட்டேன் என்று நினைத்தான், வலியே இல்லையே, வெள்ளிக்கிழமை வரைக்கும் உயிர் போன வலி இப்போது எங்கே போயிற்று, நேற்றுப் போட்ட ஊசி வேலை செய்கிறது போல. நல்லதுதானே.

வட்டம் முடிந்து வரிசையாகப் பாதைக்கு இறங்கினார்கள், மைதானத்துப் புல் வெயிலில் வாசனை அடித்தது, மெட்ரோ ரயில் ஒன்று மேம்பாலத்தில் போனது. வயிறு இறுகியிருக்கிறது, தொப்புளுக்குக் கீழே கெட்டியாக, பெல்ட்டைக் காலையிலேயே ஓர் ஓட்டை தள்ளிப் போட வேண்டி வந்தது. சுகந்தி அதைப் பார்த்துவிட்டாள். அந்த டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான், காபித் தம்ளரை வைக்கும்போதே கேட்பாள், "ஏங்க, போனீங்களா?" நல்ல மனைவி, நல்ல கேள்வி, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி. இன்றைக்கும் கேட்டாள். "தண்ணியே குடிக்கல, எங்கேருந்து வரும்?" "நேத்தும் இதான் சொன்னீங்க." "நேத்தும் குடிக்கலடி. ரேஸுக்கு எடை எறக்கணும்ல, புதுசா கேக்கற." "வெள்ளிக்கிழமை சலீம் வூட்டுல பிரியாணி துன்னுட்டு மோரா குடிச்சீங்களே, அது எங்க போச்சு?" "வேர்வைல போச்சு" என்றான், சொன்னது நியாயம்தான், எல்லா ஜாக்கிக்கும் வேர்வையில்தான் போகிறது, ரேஸுக்கு முன்னால் ஒண்ணுக்குப் போகிறவனைப் பார்த்தால் இவன் எங்கே தண்ணி குடித்தான் என்று மற்றவன் சந்தேகப்படுவான். அவள் அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். தராசில் நின்றபோதுதான் வயிற்றெரிச்சல். ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், நாக்கு ஒட்டிக்கொண்டு, ஒரு கிலோ எங்கிருந்து வரும்? தராசு பொய் சொல்கிறது என்று இன்னொருவனை ஏற்றிப் பார்த்தான், சரியாகக் காட்டியது. ஆவி அறைக்குள் போய்க் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான், வெளியே வந்தால் முகம் வற்றியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, தராசு கொஞ்சம்தான் இறங்கியது. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. கடைசியில் கனம் குறைந்த சேணத்தை இரவல் வாங்கித்தான் சமாளித்தான். அந்த ஒரு கிலோ எங்கே ஒளிந்துகொண்டது என்று இப்போதும் எரிச்சலாகத்தான் இருந்தது.

முனிரத்தினம் கடிவாளத்தை விட்டுவிட்டு, "பாத்துப் போ தம்பி" என்றார். ரேஸ் தொடங்குகிற ஸ்டார்ட்டிங் கேட் இருக்கிற இடம் மைதானத்தின் அந்தக் கோடி, அது வரைக்கும் மெதுவான பாய்ச்சலில் போக வேண்டும். எழுந்து நின்றான். எழுந்தது தொடையும் முழங்காலும், அவை இருக்கின்றன, நல்ல வேளை, முழங்காலுக்குக் கீழே இரண்டு கட்டை தொங்குகிறது, கட்டை அங்கவடிக்குள் கிடக்கிறது, கட்டை கழன்றாலும் தெரியாது. கையால் ஓட்டலாம், கை இருக்கிறது. கையால் நேரே போகலாம், வளைவில் என்ன பண்ணுவது, வளைவில் வெளிக்காலை அமுக்கினால்தான் குதிரை உள்ளே ஒட்டி நிற்கும், அமுக்குகிற கால் எங்கே? விழுந்தால் புல்தான். புல்லில் விழுந்தவன் பிழைப்பான், பின்னால் வருகிற எட்டுக் குதிரைக்கும் புல் என்றும் மனுஷன் என்றும் வித்தியாசம் தெரிகிற அளவுக்கு நேரம் இருக்காது. தெரிந்தாலும் தாண்டப் பார்க்கும், தாண்டுகிற குதிரை சறுக்கும், அதன் மேல் இருக்கிறவன் போவான். ஒருத்தன் விழுந்தால் ஒருத்தன் மட்டும் விழுவதில்லை. பக்கத்தில் குளம்புச் சத்தம் கேட்டது, சலீம், கூட ஓட்டுகிற ஜாக்கி, கறுப்புக் குதிரை, வாயெல்லாம் பல். "இன்னா மச்சான், மூஞ்சி வெளுத்து கெடக்குது?" "ஸ்டீம்ல ரொம்ப நேரம்." "எனக்கும்தான், கண்ணு கட்டுது. வெள்ளிக்கிழம துன்ன பிரியாணிக்கு இன்னிக்குத் தண்டனை." சிரித்தான். "புதன்கிழம புள்ளைக்குப் பேரு வெக்கிறோம், சுகந்தியையும் கூட்டிக்கினு வந்துடு." "வரேன்." "இன்னிக்கு நீ தான ஜெயிக்கப் போற, கிஃப்ட்டு பெருசா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டி முன்னால் போனான். சொல்லியிருக்கலாம். சலீம், எனக்குக் கால் தெரியவில்லை என்று. என்ன சொல்லியிருப்பான், எனக்கும்தான் என்றிருப்பான், எல்லாவனும் அதைத்தான் சொல்வான்.

கேட்டுக்குப் பின்னால் குதிரைகள் சுற்றி வந்தன. ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிட்டு உள்ளே அடைக்கிறவரை சும்மா நடக்க வேண்டியதுதான். காற்று வந்தது, மேலே சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது, கழுத்தில் ஜில்லென்று பட்டது, ஆக மேலே எல்லாம் தெரிகிறது, காற்று தெரிகிறது, வெயில் தெரிகிறது, எதற்கு வீணாகப் பயப்படுகிறான் இவன். சேணப் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கையைக் கீழே விட்டான். கை ஈரமாக வந்தது. குதிரை வேர்த்திருக்கிறது. நிவியின் கழுத்தைத் தடவினான், காய்ந்திருந்தது, உலர்ந்த நல்ல முடி. மறுபடி கையை விட்டான், சேணத்தில், தன் கால்சட்டையில், உள்தொடையில், எல்லாம் ஈரம், கைக்குச் சூடாக இருந்தது, கைக்கு மட்டும். முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை, இருந்தாலும் முகர்ந்து பார்த்தான். முதலில் தோன்றியது அந்த ஒரு கிலோ. அடப்பாவி, அது வெள்ளிக்கிழமை மோர். வேர்வையில் எங்கே போனது, உள்ளேயேதான் இருந்தது, வெளியே வர வழி தெரியாமல் வயிற்றுக்குள் கட்டிக்கொண்டு நின்றது, பெல்ட்டை இறுக்கியது, தராசில் ஏறி உட்கார்ந்தது, நீ ஆவி அறையில் உட்கார்ந்து ரத்தத்தை வற்றடித்துக்கொண்டிருந்தாய், இப்போது நிரம்பி வழிகிறது. வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் சனிக்கிழமை காலையிலேயே பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான். இருக்கிற ஒரு முட்டாள் ஜாதி இந்த ஜாக்கி ஜாதிதான், மரத்துப் போனால் உட்கார்ந்ததனால் என்பான், ஒண்ணுக்கு வரவில்லை என்றால் தண்ணீர் குடிக்காததனால் என்பான், வலி நின்று போனால் ஊசிக்கு நன்றி சொல்வான். அன்றைக்கே என்றாளே அந்தப் பெண், மறுநாள் இல்லை என்றாளே. எது அன்றைக்கு? வெள்ளி இரவா, சனி விடியலா? சனிக்கிழமை லாயத்தில் நடக்கும்போது செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடந்தது, முனிரத்தினம் எடுத்து வந்து கொடுத்தார், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறான், அதுதான் அன்றைக்கு. இன்றைக்கு மறுநாள், மறுநாளும் பாதி போய்விட்டது. போன கால் போனதுதான். சுகந்தி தினமும் கேட்டாளே. கண்ணில் தண்ணீர் வந்தது, உடம்பில் தண்ணீருக்குக் குறைவில்லை பார், தொப்பி மேல் ஏற்றி விட்டிருந்த தூசிக் கண்ணாடியை இறக்கி மறைத்துக்கொண்டான்.

"நிவி" என்று கூப்பிட்டார்கள், இரண்டு பேர் வந்து கடிவாளத்தைப் பிடித்து உள்ளே நடத்தி, பின் கதவைச் சாத்தினார்கள். இரும்புச் சட்டத்துக்குள் குதிரை அகலமே இடம். வலது பக்கம் சலீம். இடது பக்கம் காலி, இன்னொரு குதிரை வர மறுத்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது, ஆக நேரம் இருக்கிறது, கையைத் தூக்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவைத் திறந்துவிடுகிற ஸ்டார்ட்டர் நிறுத்துவார், இறக்கிவிடுவார்கள். இறக்கி? எங்கே இறக்குவது, கீழே நிற்பதற்கு என்ன இருக்கிறது? நனைந்த கால்சட்டையோடு இரண்டு பேர் தோளில் தொங்குவான், ஜனங்கள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், மேனன் சார் நலம் விசாரிப்பார். இந்தக் குதிரை முதுகு மேலே இருக்கிற வரைக்கும்தான் இவன் ஜாக்கி, இங்கே இவனுக்கு நாலு கால் இருக்கிறது, நிவியின் கால், கீழே போனால் ஒன்றுகூட இல்லை. எப்படியும் திரும்பி வரப்போவதில்லை என்றால் ஒரு நிமிஷம் முன்னால் என்ன பின்னால் என்ன, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் ரேஸ், கடைசியாக ஒரு தடவை, யார் குடி கெட்டுப்போகும்? "ஒன் பின்னாலயே ஒட்டிக்கினு வரேன், வளைவுல வெளிய வருவேன், சொல்லிட்டேன்" என்றான் சலீம் பல்லைக் காட்டிக்கொண்டு. அவன் எப்போதும் அப்படித்தான், கிதியோன் குதிரையை நூல் பிடித்த மாதிரி நேராக ஓட்டுவான், அவனுக்குப் பின்னால் வந்தால் பயமில்லை என்று எல்லாரிடமும் சொல்வான். வெளிக்காலை அமுக்கினால்தான் நிற்கும். அமுக்குகிற கால் இல்லை. வளைவில்தான் விழுவோம், சலீமுக்கு நேர் முன்னால், அவன் தலையைக் குனிந்திருப்பான், பார்க்கக்கூட மாட்டான். புதன்கிழமை. புள்ளைக்கு என்ன பேர் என்று கேட்கவில்லையே. இல்லை, இது தப்பு, இது மகா தப்பு, நான் நாசமாகப் போவது என் பாடு, அவன் ஏன். சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. சுகந்திக்கு என்ன சொல்வது, போனீங்களா என்றால் போனேன் என்று சொல்ல வேண்டியதுதான், சட்டை கால்சட்டையெல்லாம் போனேன் என்று, ஐயோ அவள் அழுவாளே, சொல்லிவிடுடா முதலில், வாயைத் திற. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, இரண்டு நாளாகத் தண்ணீர் காணாத நாக்கு, அதைப் பிரித்தெடுத்தான். இடது பக்கம் அந்த முரட்டுக் குதிரை எப்போது உள்ளே வந்தது என்று தெரியவில்லை, வந்திருந்தது, கதவு சாத்தியிருந்தது.

"சார்" என்று ஸ்டார்ட்டரைக் கூப்பிட்டான். அந்த வார்த்தையும் மணியும் முன்கதவு திறந்த சத்தமும் ஒன்றாகவே கேட்டன, மீதியை அவன் காற்றில் சொன்னான், இறக்கி விடுங்க, என்னால முடியாது, எனக்குக் கால் இல்ல. நிவிக்கு என்ன தெரியும், கதவு திறந்தால் ஓடு என்று அதைப் பழக்கியது இவன்தான், ஓடியது, நன்றாக ஓடியது. அவன் பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சலீம், பின்னால வராத" என்று கத்தினான், கத்தியது எட்டுக் குதிரைச் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தான். சலீம் தலையைக் குனிந்துகொண்டு, அவனுக்கு நேர் பின்னால், ஒட்டி வந்துகொண்டிருந்தான்.